சோலையோரத்துக் கோரை ஒன்றின் ஹெர்பேரியம் பதிவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மாணவர்கள், காட்டுப் பறவை பார்க்கப் போய்ச் செடியில் மாட்டிக்கொண்டவர்கள், இணையத்தில் ஒரு பதிவைப் பார்த்துக் குழம்பியவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. நான் தாவரவியல் பேராசிரியர் இல்லை. ஹெர்பேரியத்தில், அதாவது காயவைத்த செடிகளை அட்டையில் ஒட்டிச் சேர்த்துவைக்கும் இடத்தில், பழைய லேபிள்களைப் படித்துக் கணினியில் ஏற்றும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன். அந்தக் கோணத்தில்தான் பதில் இருக்கும்.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம்?

கேரெக்ஸ் பாக்கன்ஸ். நீலகிரி, பழனி மலைப் பக்கம் சோலைக்காட்டு ஓரத்திலும் ஓடைக்கரையிலும் தூறாக நிற்கும் கோரை இனம். இடுப்பளவுக்கு மேல் வளரும். இலை நீளம், ஓரம் சுரசுரப்பு. பூக்கிற காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காய் முற்றினால்தான் வேடிக்கை: கொத்துக் கொத்தாகச் சிவப்பு மணிகள், மினுமினுப்போடு. பழம் என்று நினைத்துப் பறிப்பவர்கள் உண்டு. ‘பாக்கன்ஸ்’ என்ற லத்தீன் பெயரே கனி போலத் தோன்றுவதைக் குறிக்கிறது. இங்கு மட்டுமல்ல, இலங்கை, இமயமலை அடிவாரம், சீனா, தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது.

இந்தப் பக்கத்தில் வசதிக்காகச் ‘செம்மணிக் கோரை’ என்று எழுதுகிறேன். இது நானே வைத்துக்கொண்ட பெயர், வேறெங்கும் தேடாதீர்கள்.

கோரை என்றால் பாய் நெய்வதுதானே?

அதே குடும்பம், வேறு பேரினம். பத்தமடைப் பாய்க்குப் போகும் கோரை சைபெரஸ் பேரினம். வயலில் களையாக வந்து உயிரை வாங்கும் கோரைக்கிழங்கும் அதுவே. நம் செடி கேரெக்ஸ் பேரினம். உலகம் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதில் உண்டு; பெரும்பாலும் குளிர்ந்த நாடுகளில். தமிழ்நாட்டில் மலையேறினால்தான் அதிகம் கண்ணில் படும்.

இரண்டுக்கும் தண்டு முக்கோணமாக இருக்கும், விரலில் உருட்டிப் பார்த்தாலே தெரியும். கேரெக்ஸுக்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு. அதன் பெண் பூ ஒரு குட்டிப் பைக்குள் உட்கார்ந்திருக்கும். வாய் குறுகிய சுருக்குப்பை மாதிரி. விதை அந்தப் பைக்குள்ளேயே முற்றும். செம்மணிக் கோரையில் சிவந்து மினுங்குவது அந்தப் பைதான், கனி அல்ல. பையைக் கிழித்தால் உள்ளே மூன்று பட்டை கொண்ட சின்ன விதைக்காய் இருக்கும்.

ஹெர்பேரியம் தாள் என்பதும் பதிவு என்பதும் ஒன்றா?

இல்லை. பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

தாள் என்பது பொருள். அழுத்திக் காயவைத்த செடியை ஏறக்குறைய 42-க்கு 28 செ.மீ. அளவுள்ள கெட்டி அட்டையில் ஒட்டி, வலது கீழ் மூலையில் லேபிள் போட்டு அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். பதிவு என்பது அந்த லேபிளை ஒருவர் படித்து, புரிந்துகொண்டு, கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்த வரி. ‘புரிந்துகொண்டு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தாளில் இருப்பது சாட்சி. பதிவில் இருப்பது அந்தச் சாட்சி சொன்னதை குமாஸ்தா எழுதிக்கொண்டது. அந்தக் குமாஸ்தாக்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன்: படம் இருந்தால் படத்தைத் திறந்து பார்க்காமல் வரியை மட்டும் நம்பாதீர்கள்.

உலகில் சுமார் 3,500 ஹெர்பேரியங்கள் இருக்கின்றன. எல்லாத் தாள்களையும் கூட்டினால் 40 கோடிக்குப் பக்கம் வரும். அதில் கணினிக்கு வந்திருப்பது ஒரு பங்குதான்.

செம்மணிக் கோரையின் தாள்களை எங்கே பார்க்கலாம்?

கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். பெயர் மெட்ராஸ், இருப்பது கோவை. முதல் தடவை தேடுபவர்கள் சென்னையில் அலைவது வழக்கம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் கே.எம். மேத்யூ தொடங்கிய ரபினா ஹெர்பேரியம் இன்னொன்று. பழனி மலைச் செடிகளுக்கு அதை விட்டால் ஆளில்லை. ஹவுராவில் மத்திய தேசிய ஹெர்பேரியம் இருக்கிறது. பழைய தாள்கள் வேண்டுமென்றால் லண்டன் பக்கம் கியூ, அப்புறம் எடின்பரோ.

இணையத்தில் என்றால் முதலில் ஜிபிஐஎஃப். எந்த உயிரினம் எங்கே பதிவானது என்பதைத் திரட்டித் தரும், 2001-ல் தொடங்கிய பன்னாட்டுத் தளம், தலைமையகம் கோபன்ஹேகன். அதில் ‘பாதுகாக்கப்பட்ட மாதிரி’ என்ற வகையை மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கைபேசிப் படங்களும் சேர்ந்து வரும். இந்திய ஹெர்பேரியங்களின் தாள்களுக்கு 2022-ல் திறக்கப்பட்ட இந்திய மெய்நிகர் ஹெர்பேரியத்தையும் பாருங்கள்.

லேபிளில் எதை முதலில் படிக்க வேண்டும்?

ஒரு மாதிரி லேபிளை வைத்துப் பார்ப்போம். இது நான் விளக்கத்துக்காக எழுதியது, எந்த அலமாரியிலும் இல்லை.

‘கேரெக்ஸ் பாக்கன்ஸ் நீஸ். அவலாஞ்சி அருகே, நீலகிரி. ஓடையோரச் சோலை விளிம்பு. 6,800 அடி. 12, ரோமன் ஐந்து, 1957. தூறு 1.2 மீ.; முற்றிய பைகள் இரத்தச் சிவப்பு. சேகரித்தவர் பெயர், எண் 4,312.’

எல்லோரும் முதல் வரியைப் படிப்பார்கள். நான் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன். சேகரித்தவரின் பெயரும் அவரது எண்ணும் சேர்ந்ததுதான் அந்தத் தாளின் உண்மையான முகவரி. செடியின் பெயர் நாளை மாறலாம், மாவட்டம் பிரியலாம், ஹெர்பேரியமே இடம் மாறலாம். அந்த எண் மாறாது. எண் கிடைத்துவிட்டால் 4,311-ம் 4,313-ம் எங்கே எடுக்கப்பட்டன என்று தேடி, அன்றைக்கு அவர் எந்தப் பாதையில் நடந்தார் என்றே கோத்துவிடலாம். தேதி அழிந்த தாளுக்குத் தேதி கண்டுபிடிப்பதெல்லாம் இப்படித்தான். எண் போடாத சேகரிப்பாளர்கள் உண்டு. அப்போது ‘எண் இல்லை’ என்பதற்கான லத்தீன் சுருக்கமாக எஸ்.என். என்று பதிவில் வரும். அதை யாரோ ஒருவரின் இனிஷியல் என்று நினைத்துத் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது தேதி. மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது தாவரவியல்காரர்களின் நல்ல பழக்கம். 6/5 என்று எழுதினால் மே ஆறா, ஜூன் ஐந்தா என்ற சண்டை வராது.

பிறகு ‘பைகள் இரத்தச் சிவப்பு’. இந்த மாதிரி குறிப்பு எழுதிய ஆளுக்குக் கோயில் கட்டலாம். காய்ந்தபின் நிறம் மங்கிவிடும். உயரமும் தாளில் தெரியாது, ஏனென்றால் செடியை மடித்து ஒட்டியிருப்பார்கள். தாளில் பார்க்க முடியாததை எழுதியிருந்தால்தான் லேபிள் முழுமை.

ஒரே தாளில் மூன்று நான்கு பெயர்ச் சீட்டுகள் ஒட்டியிருக்கின்றன. எது சரி?

ஒவ்வொன்றும் ஒருவர் சொன்ன தீர்ப்பு. செடியைப் பின்னாளில் பார்த்த நிபுணர், தான் நினைத்த பெயரை எழுதித் தன் பெயரும் வருடமும் போட்டு ஒட்டுவார். பழையதைக் கிழிக்கக் கூடாது என்பது மரபு. கேரெக்ஸ் தாள்களில் ஃபிரான்சிஸ் பூட், சி.பி. கிளார்க் போன்றவர்களின் கையெழுத்து வந்தால் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். பூட், கேரெக்ஸ் பேரினத்துக்கென்றே பெரிய படநூல் போட்டவர். கிளார்க் வங்காளத்தில் பள்ளி ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே செடி பார்த்தவர்; ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலில் கோரைக் குடும்பத்தை எழுதியது அவர்தான்.

ஆனாலும் ‘கடைசிச் சீட்டு என்றால் கடைசி உண்மை’ என்று கணக்குப் போட வேண்டாம். பேரினமே பெயர் மாறிய கதையும் உண்டு. இமயமலையில் நிறைய வளரும் கோப்ரீசியா என்ற பேரினத்தை 2015-ல் கேரெக்ஸோடு சேர்த்துவிட்டார்கள். செடி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அட்டையில் பெயர் மட்டும் புதுசு.

வைட் தாளில் 1866–67 என்று இருக்கிறது. அதுதான் சேகரித்த வருடமா?

இல்லை! இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று நினைத்தேன்.

ராபர்ட் வைட் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர். 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக மெட்ராஸ் வந்தார். வைத்தியத்தைவிடச் செடியில்தான் மனம். ஆட்களை வைத்து நாலா பக்கமும் சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள் அவருக்காகச் செடிகளை வரைந்தார்கள். 1831-ல் விடுப்பில் ஊருக்குப் போனபோது மூட்டை மூட்டையாகக் காய்ந்த செடிகளைக் கொண்டுபோனார். அதில் கோரைக் குடும்பத்தை ஜெர்மன் தாவரவியலாளர் நீஸ் ஃபான் எஸன்பெக்கிடம் கொடுத்தார்கள். நீஸ் அவற்றைப் பார்த்து எழுதிய விவரங்கள் 1834-ல் வைட் வெளியிட்ட நூலில் வந்தன. செம்மணிக் கோரைக்கு இன்றுவரை நிலைத்திருக்கும் பெயர் அப்போது வைத்ததுதான். பெயருக்குப் பின்னால் ‘நீஸ்’ என்று வருவது அதனால். நம் சோலைகளில் வளரும் கேரெக்ஸ் ஃபிலிசினா, கேரெக்ஸ் லிண்ட்லியானா போன்றவையும் அதே நூலில்தான் பெயர் பெற்றன.

1834-க்குள் நீஸ் கையில் இருந்த செடியை 1866-ல் எடுத்திருக்க முடியாது என்பது ஒரு பக்கம். வைட் 1853-லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டார் என்பது இன்னொரு பக்கம். அப்படியானால் 1866–67 எங்கிருந்து வந்தது? வைட்டிடம் மிஞ்சியிருந்த இரட்டைப் பிரதிகளைக் கியூ தோட்டம் அந்த இரண்டு வருடங்களில் பல நாட்டு ஹெர்பேரியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அதற்கென்று அச்சடித்த லேபிளில் ‘இந்தியத் தீபகற்பம், வைட் ஹெர்பேரியம், கியூவில் பகிர்ந்தளிக்கப்பட்டது 1866–7’ என்ற பொருளில் வரும். பகிர்ந்த வருடத்தைச் சேகரித்த வருடம் என்று எடுத்துக்கொண்டால் 30 வருடத்துக்கு மேல்கூடப் பிசகலாம்.

எண் விஷயத்திலும் உஷார். 1830-களில் அவர் அனுப்பிய தொகுதிக்கு ஓர் எண் வரிசை, கியூ பகிர்ந்ததற்கு வேறோர் எண் வரிசை. இரண்டுமே ஒரு சிற்றினத்துக்கு ஒன்று என்று போட்டவை. இன்றைய சேகரிப்பாளர் ஒரு நாள், ஓர் இடம், ஓர் எண் என்று போடுகிறாரே, அது மாதிரி அல்ல. ஒரே வைட் எண்ணின் கீழ் குற்றாலத்துச் செடியும் நீலகிரிச் செடியும் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு.

இப்படிப்பட்ட தாளுக்கு என்ன எழுதுவது? இடம்: இந்தியத் தீபகற்பம். தேதி: காலி. சேகரித்தவர்: வைட். அவ்வளவுதான். காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை அரிக்கும், நிரப்பக் கூடாது. தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ‘1853-க்கு முன்’ என்று குறிப்புக் கட்டத்தில் எழுதலாம்.

‘டைப்’ என்று சிவப்பு உறையில் வைத்திருக்கிறார்களே, அதில் அப்படி என்ன சிறப்பு?

பெயர் கட்டிவைத்த முளைக்குச்சி என்று சொல்லலாம். நீஸ் ‘கேரெக்ஸ் பாக்கன்ஸ்’ என்று எழுதியபோது எந்தக் காய்ந்த செடி கையில் இருந்ததோ, அந்தப் பெயர் அந்தச் செடியோடு பிணைந்தது. நாளை இந்தச் சிற்றினத்தை இரண்டாகப் பிரித்தால், டைப் எந்தப் பக்கம் சேருகிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பழைய பெயர். டைப் என்பதால் அது அழகான மாதிரியாகவோ இனத்துக்கே இலட்சணமாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. சில டைப்கள் அரை இலையும் நாலு காயுமாகப் பரிதாபமாக இருக்கும்.

லேபிளில் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பவர்தானே சேகரித்தவர்?

எப்போதும் அல்ல. ஐரோப்பிய ஹெர்பேரியங்களில் நீலகிரிச் செடிகளைத் தேடினால் ஹோஹனாக்கர் என்ற பெயர் அடிக்கடி வரும். பல பதிவுகளில் அவரே சேகரித்தவர் என்றும் இருக்கும். அவர் ஜெர்மனியில் உட்கார்ந்து காய்ந்த செடிகளைத் தொகுதி தொகுதியாக விற்பனைக்கு அனுப்பியவர். மலையேறியது நீலகிரியில் இருந்த பாசல் மிஷன் பாதிரியார் மெட்ஸ். லேபிளில் ஹோஹனாக்கர் பெயருக்கு முன்னால் ‘பதிப்பித்தவர்’ என்பதற்கான சுருக்கம் சின்னதாக இருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் விற்றவருக்குப் போய்விடும், நடந்தவரின் பெருமை.

மெட்ஸுக்காவது பெயர் இருக்கிறது. வைட்டின் ஆட்கள், மெட்ஸுக்கு வழிகாட்டியவர்கள், சோலைக்குள் எது எங்கே இருக்கும் என்று தெரிந்த மலைவாசிகள், இவர்களில் யார் பெயரும் லேபிளில் ஏறவில்லை. நான் கணினியில் ஏற்றும்போது அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

‘நீல்கெரீஸ்’, ‘புல்னி’ என்றெல்லாம் இருக்கிறது. எந்த ஊர்?

முன்னது நீலகிரி, பின்னது பழனி மலை. ஆங்கிலேயர் காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்துக்கூட்டல் ஒரே தாளுக்குள் மாறும். ஷெவராய் என்றால் சேர்வராயன் மலை, கோர்ட்டாலம் என்றால் குற்றாலம், அனமல்லே என்றால் ஆனைமலை, ஊட்டகமண்ட் என்றால் ஊட்டி. உரக்கப் படித்தாலே முக்கால்வாசி விளங்கிவிடும். கண்ணை விடக் காது உதவும் வேலை இது.

எல்லை விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘மெட்ராஸ்’ என்று மாநிலக் கட்டத்தில் இருந்தால் உடனே தமிழ்நாடு என்று மாற்றிவிடாதீர்கள். 1956-க்கு முன் மலபாரும் தென் கனராவும் மெட்ராஸில்தான் இருந்தன. வயநாட்டில் எடுத்த தாள் தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறிய கதை நிறைய உண்டு.

அவலாஞ்சி போன்ற இடங்களில் வேறு சிக்கல். குந்தா நீர்மின் திட்டத்தில் அங்கே அணை கட்டி ஏரியாக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய தாளில் ‘அவலாஞ்சி, ஓடைக்கரை’ என்று இருந்தால், அந்த ஓடைக்கரை இப்போது தண்ணீருக்கு அடியில் இருக்கலாம். வரைபடத்தில் புள்ளி வைத்தால் ஏரி நடுவில் விழும். பார்ப்பவர் ‘இது தப்பு’ என்று நீக்கிவிடுவார். தப்பில்லை, காலம்தான் வேறு.

பழைய லேபிளில் ஜிபிஎஸ் கிடையாது. பதிவில் மட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எப்படி வந்தது?

பின்னாளில் யாரோ குத்துமதிப்பாகச் சேர்த்தது. செய்யலாம், ஆனால் முறையாகச் செய்ய வேண்டும்: ஒரு புள்ளி வைத்து, ‘உண்மையான இடம் இதிலிருந்து இத்தனை தூரத்துக்குள் எங்கோ’ என்று அந்தச் சுற்றின் ஆரமும் சொல்ல வேண்டும். ‘ஊட்டியிலிருந்து 3 கி.மீ., தொட்டபெட்டா சாலையில்’ என்று இருந்தால் சுற்று சிறியது. வெறும் ‘நீலகிரி’ என்று இருந்தால்? மாவட்டம் சுமார் 2,550 சதுர கி.மீ. நடுவில் புள்ளி வைத்தாலும் 40 கி.மீ. சுற்று கொடுக்க வேண்டியிருக்கும். அந்தச் சுற்றுக்குள் சோலை, தேயிலை, முதுமலை வறண்ட காடு எல்லாம் அடங்கும். இந்தப் புள்ளியை வைத்து ‘செம்மணிக் கோரைக்கு எவ்வளவு மழை தேவை’ என்று கணக்குப் போட்டால் பதில் கணினிக்கு வரும், செடிக்குப் பொருந்தாது.

நான் பார்க்கும் முதல் கட்டமே அந்தத் துல்லியச் சுற்றுதான். அது காலியாக இருந்தால் புள்ளியை நம்புவதில்லை.

கடல்மட்டத்திலிருந்து 7,000 மீட்டர் உயரத்தில் கோரையா?

அந்த மாதிரி ஒரு பதிவை உண்டாக்கிய பாவி நான். ஒரு மழைக்கால மத்தியானம், வரிசையாக நாற்பது தாள். லேபிளில் ‘7,000’ என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் மேலே ஒற்றைக் கோடு. அடியைக் குறிக்கும் கோடு அது. தாளின் அழுக்கு என்று நினைத்து மீட்டர் கட்டத்தில் போட்டுவிட்டேன். நீலகிரியின் உச்சமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சரிபார்த்த அக்கா சிரித்துக்கொண்டே, ‘தம்பி, இந்தக் கோரையை எடுக்க ஆக்சிஜன் சிலிண்டரோடயா போனாங்க?’ என்று கேட்டார். 7,000 அடி என்றால் 2,134 மீட்டர். சோலைக்கு மிகப் பொருத்தமான உயரம்.

தோராயமாக ஒரு விதி: பிரிட்டிஷ் காலத் தாளில் அலகு இல்லாமல் எண் இருந்தால் அடி என்று முதலில் சந்தேகப்படுங்கள். 1960-களுக்குப் பிறகு இரண்டும் கலந்து வரும், மலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஜிபிஐஎஃபில் இத்தனை பதிவு என்றால் இத்தனை இடத்தில் செடி இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. ஒரே தூறிலிருந்து ஐந்து தாள் செய்து ஐந்து ஹெர்பேரியத்துக்கு அனுப்புவது வழக்கம். ஐந்து பேரும் கணினியில் ஏற்றினால் ஐந்து பதிவு. ஒருவர் ‘ஊட்டி’ என்றும் இன்னொருவர் ‘ஊட்டகமண்ட்’ என்றும் எழுதியிருந்தால் கணினிக்கு அவை வேறு வேறு. சேகரித்தவர் பெயர், எண், தேதி மூன்றையும் வைத்து முதலில் சேர்த்துக் கட்டுங்கள், அப்புறம் எண்ணுங்கள்.

பதிவே இல்லாத மலையில் செடி இல்லை என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. தாள்கள் செடி இருந்த இடத்தைக் காட்டுகின்றன என்பதைவிட, தாவரவியல்காரர் போன இடத்தைக் காட்டுகின்றன என்பது பொருத்தம். கோடையானால் மெட்ராஸ் அரசாங்கமே ஊட்டிக்கு ஏறிய காலம் ஒன்று இருந்தது. ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் சுற்றித் தாள்கள் குவிந்திருப்பதில் ஆச்சரியம் என்ன? சாலையோரம், பங்களா பக்கம், வெயில் காய்கிற மாதங்கள். தென்மேற்குப் பருவமழையில் அட்டைக்கடியோடு சோலைக்குள் நின்று கோரை பறித்தவர்கள் குறைவு.

அது போதாதென்று கோரைக்கு மவுசும் கிடையாது. ஆர்கிட் என்றால் ஓடுவார்கள், குறிஞ்சி என்றால் பன்னிரண்டு வருடம் காத்திருப்பார்கள். புல் மாதிரி இருப்பதை யார் பறிப்பது? பறித்தாலும் பூவா காயா தெரியாமல் பறித்து, பெயர் கண்டுபிடிக்க முடியாமல் ‘கேரெக்ஸ், சிற்றினம் தெரியவில்லை’ என்ற உறையில் படுத்துக் கிடக்கும். செம்மணிக் கோரை சிவப்பாக இருப்பதால் கொஞ்சம் தப்பியது. பச்சையும் பழுப்புமாகக் காய்க்கும் அதன் சொந்தக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம்.

அதனாலேயே பூக்கும் மாதம், காய்க்கும் மாதம் என்று தாள்களிலிருந்து பட்டியல் போடும்போதும் கவனம் தேவை. மே மாதத் தாள் அதிகம் என்றால் மே மாதத்தில் ஆள் அதிகம் போனார்கள் என்பதாகவும் இருக்கலாம்.

அப்படியானால் இந்தப் பதிவுகளால் என்னதான் பயன்?

சோலை ஒன்று இருந்தது என்பதற்குச் சாட்சி சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? நீலகிரியில் 19-ம் நூற்றாண்டிலிருந்து யூகலிப்டஸும் வேட்டில் மரமும் நட்டு, நட்டு, புல்வெளியும் சோலையோரமும் எவ்வளவோ போய்விட்டன. இன்று வேட்டில் காடாக நிற்கும் ஒரு சரிவில் எடுத்த பழைய தாளில் ‘சோலை விளிம்பு, ஓடைக்கரை’ என்று செம்மணிக் கோரை ஒட்டியிருந்தால், அங்கே என்ன இருந்தது என்று கேள்வியே இல்லை. கைபேசிப் படம் இன்று எங்கே இருக்கிறது என்று சொல்லும். அன்று எங்கே இருந்தது என்பதைத் தாள்தான் சொல்லும். சோலையை மீட்கிறேன் என்று எதையாவது நடுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. பழைய தாளின் துணுக்கிலிருந்து மரபணுவும் எடுக்க முடியும், துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

இலங்கைத் தாள்களில் ‘சி.பி.’ எண் இருக்கிறதே?

‘சிலோன் செடிகள்’ என்பதன் சுருக்கம். பேராதனைத் தோட்டத்தை நடத்திய த்வெய்ட்ஸ் போட்ட எண். பார்க்கச் சேகரிப்பு எண் மாதிரியே இருக்கும். ஆனால் ஒரே இனம் என்று அவர் கருதியவற்றை, எடுத்த இடமும் நாளும் ஆளும் வேறாக இருந்தாலும், ஒரே சி.பி. எண்ணில் சேர்த்துவிட்டார். வைட் எண்ணுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

படத்தை வைத்தே சிற்றினத்தைச் சொல்ல முடியுமா?

செம்மணிக் கோரை நன்றாக முற்றியிருந்தால் ஓரளவு முடியும். மற்ற கேரெக்ஸ்களுக்குப் பையின் அளவு, மூக்கின் வளைவு, நரம்பு, உள்ளே விதைக்காயின் வடிவம் எல்லாம் பார்க்க வேண்டும். பை 3, 4 மில்லிமீட்டர்தான். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் இல்லாமல் பேசுவது வீண். தாளின் ஓரத்தில் சின்னக் காகிதப் பொட்டலம் ஒட்டியிருக்கும், உதிர்ந்த காய்களை அதில் போட்டு வைப்பார்கள். பல சமயம் விடை அதற்குள்தான் இருக்கும், படத்தில் பொட்டலம் மூடியே இருக்கும்.

நானே ஒரு மாதிரி எடுத்து ஹெர்பேரியத்துக்குக் கொடுக்கலாமா?

ஒதுக்குக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் பறிக்கக் கூடாது. சோலைகள் பெரும்பாலும் அதற்குள்தான். கல்லூரி அல்லது ஹெர்பேரியம் வழியாகப் போவதே நடைமுறை.

அனுமதி இருந்தால்: முற்றிய காய் உள்ள தண்டாக எடுங்கள். அடியோடு எடுங்கள். மட்டநிலத் தண்டும் அடி இலையுறையும் இல்லாத கேரெக்ஸ் தாள், ரேகை இல்லாத கைநாட்டு. மண்ணைக் கழுவித் துடையுங்கள். செடி தாளைவிட நீளம் என்பதால், பறித்த கையோடு நெளிநெளியாக மடியுங்கள். காய்ந்தபின் மடித்தால் ஒடியும். நாளிதழுக்குள் வைத்து அழுத்துங்கள். முதல் நாலைந்து நாள் தினமும் தாள் மாற்றுங்கள். மலையில் மழைநாளில் இரண்டு வேளை. மாற்றாமல் விட்டால் மூன்றாம் நாள் பிரித்ததும் பூஞ்சை வாடைதான் வரும், இலை கறுத்திருக்கும்.

குறிப்பை அங்கேயே எழுதுங்கள். பென்சிலால். அறைக்கு வந்து எழுதலாம் என்று விட்டவர்கள் எழுதுவதில்லை.

பழைய தாள்களைக் கையால் தொடலாமா?

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்கப் பழைய தாள்களுக்கு மெர்குரிக் குளோரைடு பூசியிருப்பார்கள். பாதரச விஷம். விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் உள்ளவர்கள் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வரவும். தாளைப் புத்தகம் மாதிரித் திருப்பாதீர்கள், தட்டையாகவே தூக்கி வையுங்கள்.

ஒரு பதிவில் தவறு கண்டுபிடித்தேன். யாரிடம் சொல்வது?

ஜிபிஐஎஃப் தளத்தில் திருத்த முடியாது, அது கடை முகப்பு. சரக்கு அந்தந்த ஹெர்பேரியத்துடையது. பதிவுப் பக்கத்தில் வெளியிட்ட நிறுவனத்தின் தொடர்பு இருக்கும், அங்கே எழுதுங்கள். ‘உங்கள் பதிவு தப்பு’ என்று மட்டும் எழுதினால் வரிசையில் கிடக்கும். தாளின் பார்கோடு எண், எந்தக் கட்டம், இப்போது என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என ஐந்து வரி போதும். உதாரணமாக: ‘சேகரித்த வருடம் 1866 என்று இருக்கிறது. லேபிளில் அது கியூ பகிர்ந்தளித்த வருடம். தேதியைக் காலியாக விடவும்.’ சில நேரம் அதே வாரம் திருத்துவார்கள், சில நேரம் இரண்டு வருடம் ஆகும். அனுப்பிய கடிதத்தின் நகலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவை உங்கள் ஆய்வில் பயன்படுத்தும்போது, திருத்தம் ஏறியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பார்கோடு எண்ணையும் பதிவிறக்கிய தேதியையும் போட்டுவிடுங்கள்.